எண்ணெய் வித்து உற்பத்தி இலக்கு: பிண்ணாக்கின் தரத்திலும் கவனம் தேவை

புதுதில்லி: சமையல் எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதற்காக ரூ.10,103 கோடி மதிப்பிலான தேசிய எண்ணெய் வித்துகள் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. 2022-23-இல் 3.9 கோடி டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தியை 2030-31-க்குள் 6.97 கோடி டன்னாக உயர்த்துவதே இதன் இலக்கு. உற்பத்தி உயர்ந்தால் எண்ணெயுடன் பிண்ணாக்கும் பெருகும். அது கறவை மாடுகளுக்கு எந்தத் தரத்தில் கிடைக்கும் என்பது பால் உற்பத்தியாளர்களுக்கு முக்கியமான கேள்வி.

சோயாவில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். கடுகிலும் பாதிக்கு மேல் பிண்ணாக்காகவே எஞ்சுகிறது. வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம் மட்டுமே. சோயா, நிலக்கடலைப் பிண்ணாக்குகளில் அது 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடுகுப் பிண்ணாக்கில் சுமார் 35 சதவீதமும், தோல் நீக்காத பருத்தி விதைப் பிண்ணாக்கில் சுமார் 22 சதவீதமும் உள்ளது.

எனினும், புரத அளவு மட்டுமே தீவனத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. நிலக்கடலை, கடுகுப் பிண்ணாக்குகளின் புரதம் மாட்டின் முதல் இரைப்பையிலேயே விரைவாகச் சிதைந்து அம்மோனியாவாகிறது. தேவைக்கு மிஞ்சியது சிறுநீரில் வீணாகிறது. பருத்தி விதை, தேங்காய்ப் பிண்ணாக்குகளின் புரதத்தில் கணிசமான பங்கு சிதையாமல் குடலை அடைந்து செரிக்கிறது. எனவே, அதிகம் பால் கறக்கும் மாடுகளுக்கு இவற்றைக் கலந்து அளிப்பதே பலன் தரும்.

பாதுகாப்பும் இதே அளவுக்கு முக்கியம். ஈரப்பதத்துடன் சேமிக்கப்படும் பிண்ணாக்கில், குறிப்பாக நிலக்கடலை, பருத்தி விதைப் பிண்ணாக்குகளில், பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் பி1 என்ற நச்சு உருவாகிறது. மாட்டின் உடலில் அது எம்1 ஆக மாறிப் பாலில் கலக்கிறது. பாலைக் காய்ச்சினாலும் அழிவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நடத்திய தேசிய ஆய்வில், 6,432 பால் மாதிரிகளில் 368-இல், அதாவது 5.7 சதவீதத்தில், இந்த நச்சு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. தமிழகம், தில்லி, கேரளம் ஆகியவற்றில் இத்தகைய மாதிரிகள் அதிகம் காணப்பட்டன.

மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகப் பிண்ணாக்கு வாங்கும் சிறு விவசாயியால் புரத அளவையோ நச்சையோ கண்டறிய முடியாது. எண்ணெய் ஆலையிலேயே ஈரப்பதம், புரதம், நச்சு ஆகியவற்றைப் பரிசோதித்து, மூட்டையின் மீது விவரங்களை அச்சிடுவதும், உலர்ந்த கிடங்குகளை உறுதி செய்வதும் அவசியம். இல்லையெனில், வித்து உற்பத்தி பெருகினாலும் அதன் முழுப் பலன் மாட்டுத் தொழுவத்தை எட்டாது.