குடும்ப வழக்கும் கோர்ட்டுக் காகிதமும்

சட்டப் புஸ்தகத்தில் ஒரு பாத்தியதை ஏறிவிட்டால், அது ஜனங்களின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது நம் நாட்டுச் சட்டசபைகளின் பழைய வழக்கம். விவாக சம்பந்தமான வழக்குகளில் இவ்வெண்ணம் எவ்வளவு பிசகானதென்பதை, ஏதாவதொரு ஜில்லாத் தலைநகரில் கோர்ட்டு வாசலில் ஒரு நாள் காலை நின்று பார்ப்பவர் எவரும் அறியலாம். கைக்குழந்தையுடன் பஸ்ஸில் வந்திறங்கி, வாய்தா தள்ளிவைக்கப்பட்டது என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பும் ஸ்திரீகள் அங்கே ஒருவரிருவர் அல்லர். தம் பெயரால் நடக்கும் வழக்கின் கட்டில் என்ன காகிதம் இருக்கிறதென்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் அவர்களுக்குச் சொல்வாரில்லை.

சட்டம் கடந்து வந்திருக்கும் தூரத்தை நாம் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சென்னை மாகாணத்தில் ஹிந்துக்களுக்குப் பலதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு இடங்கொடுத்த சட்டம் 1949ல் நிறைவேறிற்று. தேசம் முழுவதற்குமான ஹிந்து விவாகச் சட்டம் 1955ல் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு 1976-ம் வருஷத்துத் திருத்தம் வழி செய்தது. குடும்ப வழக்குகளை ஏனைய சிவில் வழக்குகளோடு சேர்த்து அரைக்கலாகாது என்ற நோக்கத்துடன் 1984ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் செய்யப்பட்டது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்களில் இத்தகைய நீதிமன்றத்தை ராஜ்ய ஸர்க்கார் கட்டாயமாக ஸ்தாபிக்க வேண்டுமென்றும், மற்ற இடங்களில் அவசியத்துக்குத் தக்கபடி ஸ்தாபிக்கலாமென்றும் அச்சட்டம் கூறுகிறது.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக 2003-ம் வருஷத்துத் திருத்தத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் விவாகரத்து மனுவை விவாகம் நடந்த இடத்திலாவது, எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலாவது, தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலாவதுதான் சாதாரணமாகத் தாக்கல் செய்யலாம். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுத் தாய் வீட்டில் வந்து ஒதுங்கிய பெண், விவாகம் வேறெங்காவது நடந்திருந்தால், தன்னைத் துரத்தியவனுடைய ஊருக்கே போய் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. மனுச் செய்பவள் மனைவியாயிருந்தால், மனுத் தாக்கல் செய்யும் தேதியில் அவள் வசிக்கும் இடத்துக் கோர்ட்டிலேயே செய்யலாமென்று 2003ல் சட்டம் திருத்தப்பட்டது. 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்திலும் இதே திருத்தம் சேர்ந்தது. நியாயம் கேட்பவள் இருக்குமிடத்துக்கு நியாயஸ்தலம் வர வேண்டுமென்ற தர்மத்தை இதனால் பார்லிமெண்டு ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்ட தர்மத்தை முழுதும் நடத்திவைக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

முதலாவது, தூரம். வால்பாறையில் தேயிலை பறித்துத் தினக்கூலி வாங்கும் ஒரு பெண் ஒரு காரியமாக ஜில்லாத் தலைநகராகிய கோயம்புத்தூருக்கு வருவதானால் சுமார் 100 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் இடையில் மட்டும் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் கட்டணம் போயிற்று. துணைக்கு வந்தவரின் கூலியும் போயிற்று. அவள் வசிக்கும் ஜில்லாவுக்குள்ளேயே கோர்ட் இருக்கிறதென்று சட்டம் திருப்தியடையலாம். அவளுடைய மடிச் சுருக்கு திருப்தியடையாது.

இவ்விஷயத்தில் ஒரு நுட்பத்தை ஸர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் நமது ராஜ்யத்தில் ஸப் கோர்ட்டுகள் ஹிந்து விவாக மனுக்களை விசாரித்து வருகின்றன. ஓர் எல்லைக்கென்று குடும்ப நீதிமன்றம் ஏற்பட்டுவிட்டால், அந்த எல்லைக்குள் இவ்வழக்குகளில் மற்றக் கோர்ட்டுகளுக்குள்ள அதிகாரம் 1984-ம் வருஷத்துச் சட்டத்தின் 8-வது பிரிவினால் நீங்கிவிடுகிறது. ஆகவே எல்லையை யோசியாமல் வகுத்தால், ஜனங்களின் நன்மைக்கென்று தலைநகரில் திறக்கப்படும் புதிய கோர்ட்டே, பக்கத்துத் தாலுகாவிலிருந்த பழைய வாசலை அடைத்துவிடும். தூரத் தாலுகாக்களை ஸப் கோர்ட்டுகளின் அதிகாரத்திலேயே விட்டுவைக்கலாம். அல்லது குடும்ப நீதிபதி மாதத்தில் குறித்த தினங்களில் அத்தாலுகாக்களுக்கே வந்து முகாம் செய்து விசாரிக்கும்படி ஏற்பாடு செய்யலாம். இரண்டில் ஒன்றேனும் நடந்தாக வேண்டும்.

இரண்டாவது, காகிதம். இதைப் பற்றிப் பேசுவார் குறைவு; ஆனால் இதனால் வரும் துன்பம் தூரத்தினால் வரும் துன்பத்துக்கு இளைத்ததன்று. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடுவதைக் கட்சிக்காரர் ஓர் உரிமையாகக் கேட்க முடியாதென்று அதே சட்டத்தின் 13-வது பிரிவு கூறுகிறது. கோர்ட்டின் அனுமதியுடன் வக்கீல்கள் தோன்றுகிறார்களாயினும், கட்சிக்காரர் தாமே வந்து தம் குறையை நேரில் சொல்ல வேண்டுமென்பதே சட்டத்தின் கருத்து. நல்லது. வக்கீலை விட்டுவிட்டு நீயே வா என்று அழைக்கும் கோர்ட், வந்தவளுக்கு வழக்குக் கட்டைக் காட்ட வேண்டாமா? எதிர்மனு என்ன சொல்கிறது, ஜீவனாம்சம் சம்பந்தமாகப் பிறந்த இடைக்கால உத்தரவு என்ன, சாட்சி சொன்னது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பவற்றை அறியாமல் அவள் எதற்குப் பதில் சொல்வாள்?

கட்சிக்காரருக்கு இந்த நகல்களைப் பெறும் பாத்தியதை உண்டு. மனுப் போட்டு, கட்டணம் செலுத்தி, சான்றிட்ட நகலை வாங்கலாம். ஹிந்து விவாகச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. விவாகத்தை ரத்துச் செய்து டிக்ரி கொடுக்கும் கோர்ட், அந்த டிக்ரியின் நகலை இரு கட்சிக்காரருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்று அதன் 23-வது பிரிவில் கண்டிருக்கிறது. இந்த ஷரத்தை அறிந்த கட்சிக்காரர் நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடிகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டுமென்று 1987-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. அவ்வுதவியில் கோர்ட்டு நகல்களைப் பெற்றுக் கொடுப்பதும் அடங்கும். இதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

நகல் கிடைக்கத் தாமதமானால் விளையும் நஷ்டம் அற்பமானதன்று. மறுவிவாகத்துக்கும், ரேஷன் கார்டில் பெயர் மாற்றத்துக்கும், பாஸ்போர்ட்டுக்கும், பென்ஷனுக்கும் டிக்ரியைத்தான் காட்டச் சொல்கிறார்கள். மேல் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யக் காலவரையறை உண்டு. நகலுக்காகக் காத்திருக்கும் நாட்களை அதில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறதென்பது வாஸ்தவம். ஆனால் நகலுக்கு மனுப் போட்ட பிறகு செல்லும் காலந்தான் அந்தக் கழிவுக்கு உரியது. மனுப் போட வேண்டுமென்றே அறியாதவளுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

கோர்ட்டுக் காகிதத்தைப் பெற வேறு வழியும் இல்லை. குஜராத் ஹைகோர்ட் சம்பந்தமான வழக்கொன்றில் 2020 மார்ச் மாதத்தில் ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது, கோர்ட்டு ரிகார்டுகளின் நகலைக் கோர்ட்டின் சொந்த விதிகளின்படியே கேட்க வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்கலாகாது என்று சொல்லிவிட்டது. இருக்கும் கதவு ஒன்றே. அதைத் தாராளமாகத் திறந்துவைப்பது நகல் இலாகாவின் கடமை.

குடும்ப ரகசியம் சந்திக்கு வந்துவிடாதா என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நாம் கேட்பதற்கு விரோதமானதன்று. ஹிந்து விவாகச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி இவ்வழக்குகள் மூடிய அறையில் விசாரிக்கப்பட வேண்டியவை. ஹைகோர்ட்டும் ஸுப்ரீம் கோர்ட்டும் அனுமதித்த அவற்றின் தீர்ப்புகளைத் தவிர வேறெதையும் பத்திரிகைகள் அச்சிடலாகாது. மீறினால் 1,000 ரூபாய் வரையில் அபராதம் உண்டு. பத்திரிகை நடத்தும் நாமும் இந்த ஷரத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. அதை மனப்பூர்வமாக வரவேற்கவும் செய்கிறோம். அன்னியன் எட்டிப் பார்க்காமல் சாத்தி வைக்க வேண்டிய கதவு அது. அவன் நகல் கேட்டால் தக்க காரணம் காட்டிக் கோர்ட்டின் உத்தரவு பெறட்டும். வழக்குக்கு உரியவளையே அன்னியளாக நடத்தி அதே கதவுக்கு வெளியே நிறுத்துவது எந்த ரகசியத்தைக் காப்பாற்றும்?

இன்னொரு சாராரின் ஆட்சேபமும் நமக்குத் தெரியும். கோர்ட்டும் காகிதமும் சுலபமாகிவிட்டால் விவாகரத்து பெருகிக் குடும்பங்கள் சிதறிப் போகும் என்கிறார்கள். நாம் கேட்பது விவாகரத்துக்குப் புதிய காரணங்களை அன்று. சட்டத்திலுள்ள காரணங்கள் அப்படியே இருக்கின்றன. விவாகமாகி ஒரு வருஷத்துக்குள் சாதாரணமாக மனுச் செய்ய முடியாது. மனமொத்த பிரிவுக்கு ஒரு வருஷம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் 6 மாதம் பொறுத்திருக்க வேண்டும். தக்க வழக்குகளில் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாமென்று 2017ல் ஸுப்ரீம் கோர்ட் கூறியதும், சமரஸ முயற்சிகள் அனைத்தும் பலிக்காமற் போனவர்களை உத்தேசித்தே. சமரஸத்துக்கு முதலில் முயல வேண்டியது குடும்ப நீதிமன்றத்தின் கடமை. இவ்வளவு வேலிகள் சட்டத்தில் இருக்க, பஸ் கட்டணத்தையும் நகல் கட்டணத்தையும் இன்னொரு வேலியாக வைப்பானேன்? அந்த வேலி காரணமில்லாத மனுவைத் தடுப்பதில்லை. காசில்லாத மனுவைத்தான் தடுக்கிறது. கோர்ட் அருகிலிருந்தால் சமரஸத்துக்கும் இரு வீட்டுப் பெரியோர்கள் சிரமமின்றி வந்து சேரலாம் என்பதையும் ஆட்சேபிப்பவர்கள் யோசிப்பார்களாக.

கணவன்மார்களின் சிரமத்தையும் நாம் மறந்துவிடவில்லை. மனைவியின் ஊரில் மனுத் தாக்கலானால் அவர்கள் பிரயாணம் செய்ய வேண்டியதுதான். வழக்கை ஒரு கோர்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஹைகோர்ட்டுக்கும், ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்துக்கு மாற்ற ஸுப்ரீம் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. சமரஸ முயற்சி முறிந்த பின் இரு கட்சிக்காரரும் சம்மதித்தால் காணொளி மூலம் விசாரிக்கலாமென்று 2017 அக்டோபரில் ஸுப்ரீம் கோர்ட் பெரும்பான்மைத் தீர்ப்புக் கூறியிருக்கிறது. இந்த வசதிகளைத் தாராளமாகக் கையாண்டால் இரு தரப்பாருக்கும் சிரமம் குறையும்.

மூன்றாவது, ஒரு வகுப்பாருக்கு இழைக்கப்பட்டு வரும் பாரபட்சம். கிறிஸ்தவர்களின் விவாகரத்துக்கு ஆதாரமாயுள்ளது அன்னிய ஆட்சியார் 1869ல் செய்த சட்டம். ஜில்லா ஜட்ஜ் கொடுக்கும் டிக்ரியை ஹைகோர்ட் ஊர்ஜிதம் செய்தாலன்றி அது முடிவு பெறாதென்ற ஷரத்து 2001 வரையில் அதில் இருந்தது. திருநெல்வேலிப் பெண்ணின் வாழ்க்கை சென்னையின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த அக்காலம் அவ்வருஷத்துத் திருத்தத்தால் ஒழிந்தது. ஆனால் மனைவி தான் வசிக்குமிடத்தில் மனுச் செய்யலாமென்ற 2003-ம் வருஷத்துத் திருத்தம் அச்சட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டது. விவாகம் நடந்த இடம், தம்பதிகள் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம் என்றே அதன் 3-வது பிரிவு சொல்லுகிறது. துரத்தப்பட்ட பெண்ணின் துயரத்தில் மதபேதம் உண்டா? ஒருத்திக்குக் கொடுத்ததை அவள் அண்டை வீட்டுக்காரிக்கு மறுக்க எந்த நியாயமும் நமக்குத் தென்படவில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. குடும்ப நீதிமன்றங்களின் எல்லையை வகுக்கையில் தூரத் தாலுகாக்களுக்கு ஸப் கோர்ட்டையாவது முகாம் விசாரணையையாவது ராஜ்ய ஸர்க்கார் ஹைகோர்ட்டைக் கலந்து ஏற்பாடு செய்ய வேண்டும். டிக்ரியின் இலவச நகலைக் கட்சிக்காரர் கேட்டு வரும்வரை காத்திராமல், மதபேதமின்றி எல்லோருக்கும் கோர்ட்டே கையில் கொடுக்க வேண்டும். அது அவர்கள் படித்தறியக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாலுகா சட்ட உதவிக் கமிட்டியும் மனுத் தாக்கலுக்கும் நகல் மனுவுக்கும் தன் ஆபீஸிலேயே வசதி செய்ய வேண்டும். 1869-ம் வருஷத்துச் சட்டத்தைப் பார்லிமெண்டு காலதாமதமின்றித் திருத்த வேண்டும்.

கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் திட்டத்தின் மூன்றாவது கட்டத்துக்கு மத்திய ஸர்க்கார் 2023ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கச் சம்மதித்தது. இவ்வளவு பெரும் தொகையைச் செலவிடத் துணிந்தவர்களுக்கு நாம் கேட்கும் சிறு காரியங்கள் பாரமாகா. ஸர்க்கார் செய்யட்டுமென்று பொதுஜன ஊழியர்கள் கைகட்டியிருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் படித்த இருவர் மூவர் முன்வந்து, எந்தக் கோர்ட்டில் மனுச் செய்யலாம், எந்த நகலை இலவசமாகக் கேட்கலாம் என்பதைத் தம் ஊர்ப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல இன்றே தொடங்கலாம். அதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.