தெருவுக்குத் தகரம், இல்லத்துக்குத் திரை

கொரோனா முதல் அலையில் ஒருவருக்குத் தொற்று என்றால் தெருமுனையில் தகரம் அடித்தார்கள். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்படி ஒட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுகிறார்கள் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் ஒட்டக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச் இறுதியில், டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்று நம் சுகாதாரத் துறை நாள்தோறும் தனிக்கணக்கு வாசித்தது. ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று பெயரை மாற்றியதெல்லாம் பிறகுதான். அதற்குள் முஸ்லிம்கள் மேல் பழி விழுந்துவிட்டது.

ஆக, நோயை வெளியே சொல்லக்கூடாது என்ற கொள்கை நம் அரசுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. யாருடைய நோயைச் சொல்வது என்பதில்தான் பாகுபாடு.

முதியோர் இல்லங்களையும் காப்பகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வந்த அரசு அறிக்கை மாவட்டவாரியாகக் கணக்கு சொன்னது, இல்லவாரியாகச் சொல்லவில்லை. 2020 ஜூனில் சென்னை ராயபுரம் அரசுக் குழந்தைகள் காப்பகத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று என்பது செய்தியானது. ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. வெளியே தெரிந்தால்தான் கேள்வி பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நான் இருக்கும் துடியலூரிலிருந்து வடவள்ளி, தொண்டாமுத்தூர் வரை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களுக்கான வசதியான குடியிருப்புகளும் உண்டு, நன்கொடையில் ஓடும் சிறிய இல்லங்களும் உண்டு. இரண்டிலும் பெரியவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மலஜலம் துடைப்பது, படுக்கை விரிப்பை அலசுவது யார்? பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் வரும் தலித் பெண்கள். சமையலறைக்கு ஒரு சாதி, கழிப்பறைக்கு ஒரு சாதி என்ற ஊர் வழக்கம் கேட்டுக்கு உள்ளேயும் தொடர்கிறது. உள்ளே காசநோயோ, சிரங்கோ, வயிற்றுப்போக்கோ, ஃப்ளூ காய்ச்சலோ பரவினால் அதை முதலில் தொடுவது அந்த அக்காக்களின் கைதான். கடைசியாகத் தகவல் போவதும் அவர்களுக்குத்தான். மாலையில் அவர்கள் திரும்புவது, குழந்தைகளும் மாமியாரும் சேர்ந்து படுக்கும் ஒற்றை அறைக்கு. சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது.

தொற்றுநோய் பற்றிச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் தரவேண்டும் என்று 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. ஆனால் அது அதிகாரிக்குப் போகும் தகவல். துடைப்பவருக்கும் படுத்திருப்பவரின் மகளுக்கும் போகும் தகவல் அல்ல. அமெரிக்காவில் 2020 மே மாதம் முதல், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தொற்று உறுதியானால் மறுநாள் மாலை 5 மணிக்குள் அங்கு இருப்போருக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. இல்லவாரியான எண்ணிக்கையையும் அரசே வெளியிட்டது. இங்கிலாந்தில் 2021 ஜூலையில், ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்திலும் எத்தனை கொரோனா மரணங்கள் என்று கண்காணிப்பு ஆணையம் வெளியிட்டது. தாமதம்தான், ஆனாலும் வெளியிட்டது.

‘பெயரைச் சொன்னால் இல்லம் மூடிவிடும், பீதி கிளம்பும்’ என்பார்கள். பீதியைக் கிளப்புவது வதந்தி. என்றைக்குத் தொடங்கியது, எத்தனை பேருக்கு, என்ன சிகிச்சை, எப்போது ஓய்ந்தது என்று தேதியோடு எழுதி வைத்தால் வதந்திக்கு வேலையில்லை. நோய் வந்ததற்காக அல்ல, மறைத்ததற்காகத்தான் தண்டனை என்றால் நேர்மையான சிறிய இல்லம் ஏன் அஞ்சப்போகிறது?

ஒரு எல்லையும் வேண்டும். அதே 2020 ஜூனில் கான்பூர் காப்பகத்தில் 57 சிறுமிகளுக்குத் தொற்று வந்தபோது, அவர்களில் சிலர் கருவுற்றிருந்த செய்தியையும் சேர்த்து ஊடகங்கள் கடைவிரித்தன. அது வெளிப்படைத்தன்மை அல்ல, வன்முறை. சொல்லவேண்டியது நிறுவனத்தின் பெயரை. காக்கவேண்டியது மனிதரின் பெயரை. நம் அரசு இதைத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறது.

எனவே மூன்று கோரிக்கைகள். தொற்று உறுதியான மறுநாளுக்குள் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லோருக்கும், குடும்பத்தாருக்கும் தகவல் சொல்லவேண்டும். இல்லவாரியான விவரத்தை மாவட்ட நிர்வாகம் வெளியிடவேண்டும். நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும்.

தோழர்களே, பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் அறியும் உரிமை மனு போட்டுத் தொடங்கலாம். உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்: பதிவுபெற்ற இல்லங்கள் எத்தனை, கடந்த ஐந்தாண்டில் எந்தெந்த இல்லத்தில் தொற்று பரவியதாகத் தகவல் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? ‘அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தால், நம் போராட்டம் அந்தப் பதிலிலிருந்தே தொடங்கட்டும்.