21 பிகோகிராம் அற்பமா?

2021 கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் ரத்தத்தில் இருந்தது மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன்தான். அதுவும் தோல் தடிப்புக்குப் பூசிய களிம்பு. இதற்கா பட்டத்தைப் பறிப்பது என்று கேட்கிறார்கள். களிம்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்த மருந்து வீக்கத்தை அடக்கும், மூட்டு வலியை மறைக்கும். வலி தெரியாத குதிரை நொண்டாது. விரிசல் விட்ட எலும்போடும் பாயும், சரியும், முதுகில் இருப்பவனையும் சேர்த்துச் சாய்க்கும். பந்தய நாளில் அது துளியும் கூடாது என்று கென்டக்கி விதித்தது அதற்காகத்தான். ஊசியா களிம்பா என்பது விதிக்குத் தேவையில்லை.

மெடினா ஸ்பிரிட்டின் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டுக்கு இது புதிதா? 2020 கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தில் அவருடைய குதிரை கமீன் மூன்றாம் இடத்தை இழந்தது இதே மருந்தால். அடுத்த ஆண்டே களிம்பில் அந்த மருந்து இருப்பது தெரியாது என்பது சாக்கு. 2022 பிப்ரவரியில் டெர்பி பட்டம் மண்டலூன் என்ற குதிரைக்குப் போனது, போக வேண்டியதுதான்.