மெஷின் கப்பலேறிவிட்டது, சீல் எங்கே?

போன வாரம் எனக்குப் பழக்கமான தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா. தொண்ணூறுகளில் என்னிடம் ஹைட்ராலிக் வேலை கற்றுக்கொண்டவர். இப்போது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ரிக் வண்டி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டான்சானியாவிலிருந்து இரண்டு போர்வெல் வண்டிகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். ஆசீர்வாதம் வாங்க வந்தேன் என்றார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. வண்டியோட என்னென்ன ஸ்பேர் அனுப்பறீங்க?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க சார். மொதல்ல வண்டி போய்ச் சேரட்டும்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் அந்தத் தம்பி மேல் மட்டும் இல்லை. 35 வருஷம் இந்தத் தொழிலில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்த என் மேலும்தான்.

இப்போது எந்தத் தொழில் கூட்டத்துக்குப் போனாலும் ஆப்பிரிக்கா பேச்சுதான். வாய்ப்பு இருக்கிறது என்பதில் பொய் எதுவும் இல்லை. டான்சானியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 கணக்கெடுப்புப்படி 6 கோடிக்கு மேல் ஜனங்கள். டார் எஸ் சலாமிலிருந்து தலைநகர் டொடோமா வரை புது மின்சார ரயில் 2024-ல் ஓட ஆரம்பித்துவிட்டது. போட்டது துருக்கிக்காரர்கள். ரூஃபிஜி ஆற்றில் 2,115 மெகாவாட் அணை, கட்டியது எகிப்துக்காரர்கள். விக்டோரியா ஏரியின் குறுக்கே 3 கிலோமீட்டர் பாலம் 2025-ல் திறந்தார்கள், கட்டியது சீனாக்காரர்கள். ரோடு, வாய்க்கால், குடிநீர்க் குழாய் என்று எங்கே பார்த்தாலும் மண் தோண்டுகிறார்கள். அங்கேயும் வண்டிகள் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் போகும். அதனால் நம் லாரி சேஸிஸில் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டியதில்லை. நடு டான்சானியாவின் பாறையும் நம் ஊர்ப் பாறையைப் போல கருங்கல்தான். நம் ஹேமருக்கும் பிட்டுக்கும் பழகிய பாறை.

இதெல்லாம் மேடையில் சொல்கிறார்கள், கை தட்டுகிறோம். மேடையில் சொல்லாததை நான் சொல்கிறேன்.

2009-ம் வருஷம். அப்போது நான் வேலை பார்த்த கம்பெனி சிங்கிடா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரிக் விற்றிருந்தது. டார் எஸ் சலாமிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உள்ளே. ஜூன் மாதம் ரொட்டேஷன் மோட்டாரில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஒரு சீல் போய்விட்டது, அவ்வளவுதான். நம் ஊராக இருந்தால் சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அங்கே வண்டி நின்றது.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். முதலில் பணம் வரட்டும் என்றார்கள். பணம் வந்தது. சீலை அனுப்பினோம். அளவு சேரவில்லை. ஏன் தெரியுமா? அந்த வருஷம் தயாரித்த வண்டிகளில் வேறு கம்பெனி மோட்டாரைப் போட்டிருந்தோம். வண்டியோடு போன ஸ்பேர் பார்ட்ஸ் புத்தகமோ பழைய மோட்டாருக்கானது. அவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகத்தான் நம்பர் எழுதினார்கள். தப்பு புத்தகத்தில். அந்தப் புத்தகத்தை வண்டியில் வைத்து அனுப்பியவன் நான். மோட்டார் மாறியது எனக்குத் தெரியும். புதுப் புத்தகம் அச்சாகி வர நாளாகும், இப்போதைக்கு இது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுவில் அங்கிருந்த மெக்கானிக் பையன் டார் எஸ் சலாமின் கரியாக்கோ மார்க்கெட்டில் கிட்டத்தட்ட அளவில் ஒரு சீலை வாங்கிப் போட்டிருக்கிறான். அது இரண்டு நாள் தாங்கியது. அதன்பின் மோட்டாரே போய்விட்டது.

கடைசியில் அக்டோபரில் என்னை அனுப்பினார்கள். மோட்டாரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். டொடோமாவில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் சிங்கிடா போய்ச் சேர்ந்தேன். அந்த மெக்கானிக் பையன் என்னைப் பார்த்ததும் "ஷிகமோ" என்றான். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. நம் ஊரில் காலைத் தொட்டுக் கும்பிடுவது போல. எனக்கு வெட்கமாக இருந்தது.

வழியில் வற்றிய ஆற்றில் பெண்களும் பிள்ளைகளும் மணலில் ஊற்று தோண்டிக் குடுவையால் மொண்டுகொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா திருமணிமுத்தாற்றில் ஊற்று தோண்டியதை நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வந்த வண்டி முதலாளி ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். அந்த ஊரில் போர் போட அவர் ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கியிருந்தார். நாலு மாதம் வண்டி நின்றதில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பாங்கிக் கடனுக்கு நிலத்தை விற்றார். நான் மோட்டாரைப் பொருத்திவிட்டுக் கிளம்பும்போது மழைக்காலம் வரப்போகிறது, இந்த வருஷத் தொழில் போய்விட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. "உங்கள் மெஷின் நல்ல மெஷின். ஆனால் அநாதை மெஷின்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் நம்மிடம் அவர் ஒரு போல்ட் கூட வாங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். சீனாக்காரன் விலையைக் குறைத்து அடிக்கிறான், அதனால்தான் நமக்கு ஆர்டர் வரவில்லை என்று புலம்புகிறோமே, சிங்கிடாவில் என்னிடம் யாராவது விலையைப் பற்றிப் பேசினார்களா? இல்லை. டான்சானியா ரோட்டில் எங்கே பார்த்தாலும் பழைய ஜப்பான் வண்டிகள் ஓடுகின்றன. பல வருஷம் ஓடிக் களைத்த வண்டியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அதற்கு ஒரு காரணம் எந்த ஊர்ச் சந்தையிலும் அதற்கு ஸ்பேர் கிடைக்கும் என்பதுதான். நாம் புத்தம்புதுசு கொடுக்கிறோம். வாஷருக்குச் சென்னைக்குக் கடிதம் எழுதச் சொல்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அரசாங்கம் கடன் கொடுத்து வாங்க வைக்கும், நாம் விற்றால் போதும் என்பார்கள். உண்மைதான். 2018-ல் டான்சானியாவின் குடிநீர்த் திட்டங்களுக்கு இந்தியா 50 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்பந்தம் ஆனது. இப்படிப்பட்ட கடன்களில் பொதுவாக 75 சதவீதச் சாமானும் வேலையும் இந்தியாவிலிருந்தே வர வேண்டும் என்று நிபந்தனை உண்டு. நல்லதுதான். ஆனால் நிபந்தனையால் விற்ற மெஷினை நம் திறமையால் விற்றதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. திட்டம் முடிந்து காண்ட்ராக்டர் ஊர் திரும்பிய பிறகு, அந்த மெஷினை வைத்துக்கொண்டு அழப்போகிறவர் உள்ளூர்க்காரர். அடுத்த முறை தன் சொந்தக் காசில் வாங்கும்போது அவர் யாரிடம் போவார்?

நம் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. டி.என். 34 ரிக் வண்டி ராஜஸ்தான் போனது, பீகார் போனது, மத்தியப் பிரதேசம் போனது. எப்படி ஜெயித்தோம்? வண்டி தனியாகவா போனது? டிரில்லர், ஹெல்பர், சமையல்காரர் வரை நம் ஆட்கள் கூடவே போனார்கள். ஏதாவது உடைந்தால் ஊருக்கு போன் அடிப்பார்கள். அன்றைக்கே பார்சல் ஆபீசில் சாமான் ஏறும். மெஷினும் ஆளும் ஸ்பேரும் சேர்ந்துதான் பேர் வாங்கியது. கடல் தாண்டி அனுப்பும்போது மட்டும் அதை ஏன் அநாதையாக ஏற்றி விடுகிறோம்?

"சின்னப் பட்டறைக்கு வெளிநாட்டில் குடோன் வைக்க ஏது காசு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனித்தனியாக முடியாது. பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து டார் எஸ் சலாமில் ஒரு குடோன் எடுக்கலாமே? லாரி வாடகை ஏற்றுவதற்குச் சங்கம் வைக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாதா? இங்கிருந்து ஒரு ஆள், அங்கிருந்து இரண்டு ஆள் போதும்.

அதுவரை பொறுக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வண்டியோடும் ஃபில்டர், சீல் கிட், ஹோஸ், பெல்ட் என்று முதல் 2,000 மணி நேரத்துக்கு வேண்டியதைப் பெட்டி போட்டு அனுப்புங்கள். அந்தக் காசைக் கொட்டேஷனிலேயே சேர்த்துக் கேளுங்கள். அதனால் ஒரு ஆர்டர் கை நழுவலாம். நழுவட்டும். ஒரு மெக்கானிக்கை விமானத்தில் அனுப்பி ஓட்டலில் தங்க வைக்கும் செலவைப் பார்த்தவன் நான். அந்தப் பெட்டி அதைவிட மலிவு. ஸ்பேர் புத்தகம் அந்தந்த வண்டி நம்பருக்கு, அதில் உண்மையில் என்ன மாட்டியிருக்கிறதோ அதன்படி இருக்கட்டும். ஓட்டுகிறவருக்குச் சுவாஹிலியில் நாலு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள்.

ஆள் பழக்குவதும் நம் வேலைதான். அங்கே மெக்கானிக்கை 'ஃபுண்டி' என்பார்கள், அதில் மரியாதை உண்டு. வேட்டா என்று அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய ரிக்கை அங்கே பாடத்துக்குக் கொடுத்தால் என்ன நஷ்டம்? 2023-ல் சென்னை ஐ.ஐ.டி. சான்சிபார் தீவில் ஒரு கிளையே திறந்துவிட்டது. பெருமைதான். நம் ஐ.டி.ஐ. எப்போது போகும்?

வாய்ப்பு வாய்ப்பு என்கிறோம். யாருக்கு வாய்ப்பு? 2009-ல் எங்கள் கம்பெனிக்கு அது வாய்ப்பு, கணக்கில் ஒரு வண்டி விற்பனை. சிங்கிடாக்காரருக்கு அது அவர் நிலம்.

தம்பி, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் வண்டிக்கு வேண்டிய ஸ்பேர் பட்டியலை உட்கார்ந்து எழுதிவிட்டேன். நாலு பக்கம் வந்திருக்கிறது. நீங்கள் எந்த மோட்டார் போடுகிறீர்கள் என்று தெரியாததால் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். கண்டெய்னர் சீல் வைப்பதற்கு முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள். மைசூர்பாகு வேண்டாம், மோட்டார் நம்பரைக் கொண்டுவாருங்கள்.