அறிவியல் அரங்கம்: மூன்றாவது சாட்சி



மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் ஏலமும் சுக்கும் விற்கும் நம்மவர் பலர், பேரேட்டை மூடிவைத்துக் கணினிக்கு மாறிவிட்டனர். அவருள் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் கணக்கெல்லாம் ஒரே சர்வரில் இருந்தது. அது நின்ற அன்று கடையும் நின்றது. இன்னொன்று வாங்கி அருகில் வைத்தால் போதாதா?" என்று வினவினார். போதாது என்பதே என் விடை. காரணத்தை இம்மாதம் ஆராய்வோம்.

பல கணினிகள் ஒரே சர்வர்போலக் கூடி உழைப்பதைக் கிளஸ்டர் என்பர். இதற்கு உதவும் இலவச மென்பொருள்கள் இரண்டு. விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிர்ந்தளிக்கும் சாம்பாவை, ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் 1991-ஆம் ஆண்டின் இறுதியில் எழுதத் தொடங்கினார். நம் சம்பா நெல்லுக்கும் அதற்கும் உறவில்லை! மற்றொன்று, பல கணினிகளின் வட்டுகளை ஒரே களஞ்சியமாக இணைக்கும் குளஸ்டர்எஃப்எஸ். அதனை ஆக்கிய நிறுவனத்தை 2005-இல் தோற்றுவித்தவருள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி. 2011-இல் ரெட் ஹேட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. ரெட் ஹேட் தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 இறுதியில் முடித்துக்கொண்டது. எனினும் மூல நிரல் எவரும் எடுத்தாளத் திறந்தே உள்ளது.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். இரு கணினிகள் ஒரே கணக்கைத் தாங்கி நிற்கின்றன. இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டது. இரண்டும் உயிரோடிருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் மற்றது மாண்டதென்றே கருதும். ஒன்றில் பத்து மூட்டை மிளகு விற்றதாகவும், மற்றதில் அதே மூட்டைகள் இருப்பில் உள்ளதாகவும் பதிவாகும். கம்பி மீண்டும் இணைந்தபின் எதனை நம்புவது? இந்நிலையைப் பிளவுண்ட மூளை என்பர். ஒரு கணினி சாவதினும் இதுவே கொடிது.

ஊர்வழக்கில் இருவர் முரண்பட்டால் மூன்றாவது சாட்சியைத் தேடுகிறோம் அன்றோ? இங்கும் அதுவே வழி. மூன்றாவது கணினி பெரிதாக இருக்கவேண்டுவதில்லை. கோப்புகளின் பெயரையும் குறிப்புகளையும் மட்டும் வைத்திருந்தால் போதும். மூன்றில் இரண்டு இசைந்தாலன்றி எதனையும் எழுதவிடாது. எழுத மறுப்பது, பொய்க் கணக்கு எழுதுவதினும் மேல்.

எந்தக் கோப்பை எவர் திறந்துள்ளார் என்னும் குறிப்பைச் சாம்பா வைத்திருக்கும். அதனை எல்லாக் கணினிகளும் அறியச் செய்வது சி.டி.டி.பி. என்னும் துணை நிரல். அதற்கு மூன்று செய்திகளைக் கூறவேண்டும்: உறுப்புக் கணினிகளின் பட்டியல், கடைக் கணினிகள் நாடிவரும் பொது முகவரிகள், பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் மீட்புப் பூட்டு. பட்டியல் எல்லாக் கணினிகளிலும் ஒரே வரிசையில் இருத்தல் வேண்டும். ஒன்று வீழ்ந்தால் அதன் பொது முகவரியை மற்றொன்று ஏற்கும். பூட்டைப் பிடித்திருக்கும் கணினியே மீட்புப் பணியை நடத்தலாம். ஆதலின் இரு தலைமைக்கு இடமில்லை.

அமைத்ததும் ஓய்ந்துவிடலாகாது. கடை விடுமுறை நாளில் ஒரு கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். சோதியாத காவல் காவலன்று.

இன்னொரு எச்சரிக்கை: ஒருவர் கைதவறிக் கோப்பை அழித்தால், படிகள் அனைத்திலும் அது அழியும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொச்சி விமான நிலையமே இரு வாரம் மூடிக்கிடந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே கட்டடத்தில் மூன்று கணினிகள் இருப்பின் வெள்ளம் ஒன்றையும் விடாது. எனவே தனிப்படி ஒன்றை எடுத்துத் தொலைவில், சொந்த ஊரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டிலேனும் வையுங்கள். கடைக் கணக்குக்கு மட்டுமன்று, வீட்டுப் பத்திரத்துக்கும் பிள்ளைகளின் சான்றிதழுக்கும் இது பொருந்தும்.

நண்பர் இப்போது மூன்றாவது கணினிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.