புதுமுக மாணவரின் முதலாண்டு

உயர்தரப் பரீட்சையிலே சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுவதை நம் சமுதாயம் ஒரு குடும்ப வைபவமாகவே கொண்டாடுகின்றது. கோயிலிலே அருச்சனை நடைபெறும். பாடசாலை வாயிலிலே படத்துடன் வாழ்த்துப் பலகை எழும். கடன்பட்டேனும் புதிய பெட்டியொன்று வாங்கப்படும். பெட்டியுடன் புறப்பட்ட பிள்ளை அதன் பின்னர் எவ்வாறிருக்கின்றான் என வினவுவோர் மிகச் சிலரே. பட்டமளிப்பு விழாப் படம் வரும்வரை ஊர் பொறுமையாகக் காத்திருக்கின்றது. இடைப்பட்ட ஆண்டுகளுள் முதலாண்டே மிகக் கடியது என்பதை அனுபவித்தோர் அறிவர்.

1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. விடுதியிலே கூடி வாழ்ந்து கற்கும் ஒரு கழகமாகவே சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனைக் கருதினார். அக்காலத்திற் புகுந்தோர் தொகையிற் சிறியர். பெரும்பாலும் ஆங்கில வழியிற் கற்றோர். இன்று அதே படிகளில் ஏறுபவர், வன்னிக் கிராமத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மலையகத் தோட்டத்திலிருந்தும் வருபவர். பலர் தம் குடும்பத்திற் பல்கலைக்கழக வாயிலைக் கண்ட முதல்வர். இம்மாற்றம் நாம் மனமார வரவேற்கும் மாற்றம். ஆயின், ஆளை மாற்றிய அளவுக்கு நடைமுறையை நாம் மாற்றினோமில்லை.

மொழியை எடுத்துக்கொள்வோம். 1960களிலே கலைத்துறைப் பாடங்களில் தாய்மொழிக் கல்வி வேரூன்றியது. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. பாடசாலையிலே திணிவு என்றும் உந்தம் என்றும் வகையீடு என்றும் தெளிவாகக் கற்று, கணக்குகளைச் சளைக்காமற் செய்த மாணவன், விரிவுரை மண்டபத்திலே தான் நன்கறிந்த பொருளுக்கே பெயர் தெரியாது விழிக்கின்றான். பொருள் அவனிடம் உண்டு, சொல் இல்லை. இவ்வேறுபாட்டை அவனுக்கு எடுத்துரைப்பார் எவருமில்லாமையால், தனக்கு அறிவே போதாதென்று அவன் முடிவுசெய்துவிடுகின்றான். வினாவெழுப்ப அஞ்சிப் பின்வரிசைக்கு நகர்கின்றான். தொடக்கத்தில் நடத்தப்படும் சிலவாரகால ஆங்கில வகுப்பு, பதின்மூன்று ஆண்டுகாலத் தமிழ்வழிக் கல்விக்கு ஈடாகும் என எதிர்பார்ப்பது பேதைமை. இதனாலே தாய்மொழிக் கல்வியைப் பழிப்போரும் உளர். அவருடன் நாம் உடன்படோம். தமிழிலே விளங்கிக்கொண்டவனுக்குப் புதிதாக வேண்டுவது சொல் மட்டுமே. விளங்காது ஆங்கிலத்திலே மனனஞ் செய்தவனுக்கு இரண்டும் வேண்டும்.

இத்தனிமைக்கிடையே பகிடிவதை வந்து சேர்கின்றது. பகிடி என்ற சொல்லை அதன் முன்னே வைத்தவர் யாரோ, வதையைப் பாதி மறைத்துவிட்டார். 1975இல் அதற்கஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவியொருத்தி வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாதவளானாள். 1997இல் பொறியியல் மாணவனொருவன் உயிரிழந்தான். இரண்டும் பேராதனையில் நிகழ்ந்தவை. மறு ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது: பகிடிவதைக்கு ஈராண்டு வரை சிறை, கொடுங்காயம் விளைத்தாற் பத்தாண்டு வரை. சட்டம் நூலில் இருக்கின்றது; முறைப்பாடு செய்யும் மாணவன் தன் அணியிலிருந்தே தள்ளிவைக்கப்படுகின்றான். குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் சிரேஷ்ட மாணவர் கையில் இருக்கும்வரை அவன் வாய் திறப்பதெங்ஙனம்? நமக்கு மிக நோவு தருவது யாதெனில், தமிழ் மாணவனை வதைப்போர் பெரும்பாலும் தமிழ் மாணவராகவே இருப்பதுதான். அயலூரிலே அவனுக்குத் துணையாக நிற்கவேண்டியவர் அவர்களல்லவா? ஐக்கியத்தை வளர்க்கின்றோம் என்று அவர் கூறும் நியாயத்தை நாமும் பல முறை கேட்டிருக்கின்றோம். அச்சத்தாற் கூடியவர் அச்சம் நீங்கியதும் கலைவதையும் கண்டிருக்கின்றோம்.

நாமறிந்த இளைஞனொருவன் மூன்றாம் வாரத்திலே பெட்டியுடன் வீடு திரும்பினான். காரணம் கேட்டோருக்குக் காய்ச்சல் என்றான். தாயார் அழுதார், தந்தையார் பேசவில்லை. உயர்தரத்திற் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் மாலைதோறும் வந்து திண்ணையிலே அவனுடன் அமர்ந்தார். புத்திமதி ஒன்றும் கூறினாரில்லை. கொப்பியொன்றை எடுத்து நடுவே கோடிட்டு, ஒருபுறம் அவன் கற்ற தமிழ்ச் சொற்களையும் மறுபுறம் ஆங்கிலச் சொற்களையும் எழுதச் செய்தார். நானூறு சொற்கள் நிரம்புமுன் நடந்ததனைத்தையும் அவன் அவரிடம் சொல்லிவிட்டான். பின்பு இருவருமாகப் பேருந்தேறிச் சென்று, பொறுப்பான விரிவுரையாளரைக் கண்டு பேசினர். விடுதி அறை மாற்றப்பட்டது. முதற் பரீட்சையில் ஒரு பாடத்தைத் தவறவிட்டு மீண்டும் எழுதிச் சித்தியெய்தினான்.

பரீட்சை முடிவுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே நம் பிள்ளைகள் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலாகவும், வீட்டிலே வாளாவிருக்கின்றனர். அவ்வாசிரியர் செய்ததைப் பெட்டி கட்டுமுன்னரே செய்யலாகாதா? கற்பித்த ஆசிரியரும், ஊரிலுள்ள பழைய மாணவரும், விடுமுறைக்கு வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவரும் வாரத்தில் ஒரு மாலை பாடசாலை நூலகத்திற் கூடினாற் போதும். செலவு கொப்பிக்கு மட்டுமே. அவ்விளைஞன் இப்பொழுது இரண்டாம் ஆண்டிலே கற்கின்றான். இவ்விடுமுறைக்கு ஊர் வந்தபோது, புதிதாகத் தெரிவான மூவருக்குத் தன் கொப்பியைப் பிரதிசெய்து கொடுத்திருக்கின்றான்.