மண்ணை வளர்த்தவர் பெயர் பட்டாவில் வேண்டும்

இயற்கை விவசாயத்துக்கு மாறிய எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அமிர்தக்கரைசலுக்குச் சாணமும் கோமியமும் சேர்த்து வைப்பது யார்? களைக்கொல்லி அடிக்காத வயலில் குனிந்து களை எடுப்பது யார்? மாப்பிள்ளைச் சம்பா விதையை நொச்சி இலை போட்டு அடுத்த பட்டம் வரைக்கும் பூச்சி விழாமல் காப்பது யார்? ரசாயனத்தை விட்டதும் வேலை கூடியது. கூடிய வேலையில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களிடம்தான் வந்தது. சிட்டாவை எடுத்துப் பார்த்தால் பெயர் மட்டும் வீட்டுக்காரர் பெயர், இல்லாவிட்டால் மாமனார் பெயர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் உள்ள பண்ணைகள் நூற்றுக்குச் சுமார் 14 தான்.

"பேர் யார் பேர்ல இருந்தா என்னம்மா, எல்லாருக்கும் ஒரே உலையிலதானே சோறு வேகுது?" என்று நம் கூட்டங்களிலேயே அண்ணன்மார் கேட்கிறார்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன என்று சொல்கிறேன். பி.எம். கிசான் திட்டத்தின் வருடம் 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பயிர்க்கடனுக்கும் அங்ககச் சான்றுக்கும் முதலில் கேட்பது நிலத்துக் காகிதம். காகிதம் இல்லாதவர் அரசாங்கக் கணக்கில் விவசாயி ஆவதில்லை. விவசாயி மனைவியாகவே இருக்கிறார்.

இயற்கை விவசாயத்தில் இது இன்னும் கூர்மையான பிரச்சனை. யூரியா போட்டவர் அந்தப் பருவத்திலேயே பலனை எடுத்துவிடுவார். நாம் போடுவது மண்ணுக்குள் போகிறது. சான்று வாங்கவே ஓராண்டுப் பயிருக்கு 2 வருடம், தென்னை, மா போன்றவற்றுக்கு 3 வருடம் மாறுகாலம். மண்புழு திரும்பி வந்து மண் பொலபொலவென்று ஆக அதற்கு மேலும் ஆகலாம். அத்தனை வருட உழைப்பும் நிலத்தோடு ஒட்டிப்போன சொத்து. நிலம் கைவிட்டுப் போனால் உழைப்பும் போகும்.

எங்கள் பக்கத்து ஊரில் ஓர் அக்கா. 2 ஏக்கர் இறுகிப்போன மண்ணில் 7 வருடம் தக்கைப்பூண்டும் பலதானியமும் விதைத்து மடக்கி உழுது, பாரம்பரிய நெல் விளையும் வயலாக மாற்றினார். கணவர் திடீரென்று இறந்தார். பட்டா அப்போதும் மாமனார் பெயரில். ஈமக்காரியம் முடிந்த கையோடு கொழுந்தனார்கள் நிலத்தை ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அடுத்த பருவமே அங்கே களைக்கொல்லி அடித்தார்கள். அந்த அக்கா வரப்பில் நின்று பார்த்ததை நானும் பார்த்தேன். அவருக்கும் பிள்ளைகளுக்கும் சட்டத்தில் பங்கு உண்டு. ஆனால் வழக்கு நடத்த வக்கீலுக்குக் கொடுக்கக் காசு வேண்டுமே.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் மணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பங்கு பிறப்பிலேயே வந்தது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

பிறகு ஏன் பட்டா மாறவில்லை? விடுதலைப் பத்திரம்! "உனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே, ஒரு கையெழுத்துப் போடு தங்கச்சி" என்பார்கள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம் அந்தக் கையெழுத்தை வாங்குகிறது. சீர் என்பது செலவாகிப் போவது. நிலம் விளைந்துகொண்டே இருப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

"பெண்ணுக்குக் கொடுத்தால் நிலம் துண்டாகும்" என்பது இன்னொரு வாதம். மூன்று மகன்கள் பிரித்தால் மட்டும் துண்டாகாதா? கூட்டுப் பட்டாவாக வைத்துக்கொண்டு ஒருவர் உழலாம், விளைச்சலைப் பங்கிடலாம். வரப்பு போடாமலே உரிமையைப் பகிரலாம்.

நிலமே இல்லாத பெண்களையும் மறக்கக்கூடாது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் தொடங்கிய லாஃப்டி, கீழத்தஞ்சையில் நிலமற்ற குடும்பங்களுக்கு வாங்கித் தந்த நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தது. குடிக்கோ அவசரக் கடனுக்கோ நிலம் எளிதில் கைமாறிவிடக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடை நடத்திச் சேர்த்த காசில் சொந்தமாக நிலம் வாங்கினார், அதில் இயற்கை முறையில் பயிர் செய்தார், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். தன் நிலத்தில் என்ன முறையில் பயிர் செய்வது என்பதை அவரே முடிவு செய்ய முடிந்தது.

ஆகவே நம் இயக்கத்துக் குடும்பங்களிடம் என் கோரிக்கை இதுதான். ஒன்று, தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை வாரிசுகளுக்கு மாற்றும்போது அக்கா தங்கைகளின் பெயரையும் சேருங்கள். இரண்டு, சொந்தமாக வாங்கிய நிலம் என்றால் மனைவிக்கு ஒரு பங்கைச் செட்டில்மெண்ட் எழுதுங்கள். குடும்பத்துக்குள் எழுதுவதற்குக் கட்டணம் கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு. புதிதாக வாங்குவதானால், 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகையும் இருக்கிறது. மூன்று, சான்றுக் குழுக்களில் கணவர் பெயரோடு மனைவி பெயரையும் உறுப்பினராக எழுதுங்கள். கூட்டத்துக்கு அவரும் வரட்டும், சமையல் வேலையை ஆண்கள் பார்க்கட்டும்.

ஐ.நா. சபை 2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக அறிவித்திருக்கிறது. மேடை போடுவோம், மாலை போடுவோம், அதெல்லாம் சரி. அதற்கு முன்னால் வீட்டுப் பீரோவைத் திறந்து சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் தோழர்களே. அடுத்த இதழுக்குள் பத்து வீட்டில் பெயர் சேர்க்க மனு கொடுத்தார்கள் என்று சேதி வந்தால், அதுதான் நல்ல அறுவடை.